விளையாட்டுக்கு ஏற்ற மடிக்கணினி: ஒருங்கிணைந்த கிராபிக்ஸ் புராசஸரைத் தேர்ந்தெடுக்கும் முறை

கணினி விளையாட்டில் நாம் காணும் அசைவு, அசைவற்ற பல படங்கள் விரைந்து அடுத்தடுத்துத் தோன்றுவதால் உண்டாவதாகும். வினாடிக்கு 60 படங்கள் தோன்றவேண்டுமாயின், ஒரு படத்தை வரைந்து முடிக்கச் சுமார் 16.7 மில்லிவினாடியே கிடைக்கும். 1920×1080 அளவுள்ள திரையில் ஒவ்வொரு படத்திற்கும் இருபது லட்சத்திற்கு மேற்பட்ட புள்ளிகளின் நிறம் கணக்கிடப்படவேண்டும். இவ்வேலையைச் செய்வது கிராபிக்ஸ் பகுதி. சில கணினிகளில் இது தனிச் சில்லாக, தனக்கே உரிய நினைவகத்துடன் அமைந்திருக்கும். வேறு பலவற்றில் புராசஸருடன் ஒன்றாக இணைந்திருக்கும். இதுவே ஒருங்கிணைந்த கிராபிக்ஸ் எனப்படும்.

மடிக்கணினியின் புராசஸர் பெரும்பாலும் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால், வாங்கிய பின் அதை மாற்ற இயலாது. ஆகவே, மாணவர்களும் பெற்றோரும் ஆலோசனை கேட்கும்போது, ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் பின்வரும் மூன்று செய்திகளை அறிந்திருத்தல் நலம்.

1. பெயரைக் கொண்டு மட்டும் முடிவு செய்யலாகாது

ஏ.எம்.டி நிறுவனத்தின் ‘ரைசன் 5’ என்னும் பெயரில், 7000 வரிசையிலேயே வெவ்வேறு தரமுள்ள புராசஸர்கள் உள்ளன. 7520யூ என்பதில் கிராபிக்ஸ் கணிப்புக் கூறுகள் 2 மட்டுமே. 7530யூ என்பதில் பழைய வேகா அமைப்பைச் சார்ந்த 7 கூறுகள் உள்ளன. 7640யூ என்பதிலோ புதிய ஆர்.டி.என்.ஏ 3 அமைப்பைச் சார்ந்த 8 கூறுகள் உள்ளன. பெட்டியின்மேல் ஒட்டப்பட்ட பெயர் மூன்றுக்கும் ஒன்றே. விளையாட்டில் இவற்றின் ஆற்றலோ பெரிதும் வேறுபடும்.

இன்டெல் நிறுவனத்தின் 11ஆம் தலைமுறையிலும் இவ்வாறே ஐ3-1115ஜி4 என்பதில் 48 கூறுகளும், ஐ5-1135ஜி7 என்பதில் 80 கூறுகளும், ஐ7-1165ஜி7 என்பதில் 96 கூறுகளும் உள்ளன. ஒரு நிறுவனத்தின் கூறும் மற்றொன்றின் கூறும் ஒரே அளவினவல்ல. எனவே, எண்ணிக்கையை ஒரே நிறுவனத்தின் ஒரே அமைப்புக்குள் மட்டுமே ஒப்பிடவேண்டும்.

2. நினைவகத்தின் வேகம்

ஒருங்கிணைந்த கிராபிக்ஸ் பகுதிக்குத் தனி நினைவகம் இல்லை. கணினியின் ரேமையே அது புராசஸருடன் பகிர்ந்துகொள்கிறது. கிணற்றில் நீர் எவ்வளவு இருப்பினும், வாய்க்காலின் அகலத்திற்கேற்பவே வயலுக்குப் பாயும். டி.டி.ஆர்4-3200 வகை ரேம் ஒரு வழியில் மட்டும் பொருத்தப்பட்டால், வினாடிக்கு 25.6 கிகாபைட் செய்தியே செல்லக்கூடும். இரு வழிகளில் பொருத்தினால் அது 51.2 கிகாபைட் ஆகும். இரு வழிகளில் அமைந்த எல்.பி.டி.டி.ஆர்5எக்ஸ்-7500 வகையில் 120 கிகாபைட் வரை செல்லும்.

மேற்கூறிய ஐ5-1135ஜி7 கணினியில் ஒரே வழியில் ரேம் இருப்பின், அதன் கிராபிக்ஸ் ‘ஐரிஸ் எக்ஸ்இ’ என்று காட்டப்படாது, ‘யு.எச்.டி’ என்றே காட்டப்படும். ஆதலால், ரேமுக்கு இரண்டு இடங்கள் உள்ள கணினியில் 16 கிகாபைட் வேண்டுமெனில், ஒரே 16 கிகாபைட் துண்டைவிட இரண்டு 8 கிகாபைட் துண்டுகளே விளையாட்டுக்கு ஏற்றவை. ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பின், பின்னர் கூட்ட இயலாதென்பதை முன்னரே கருதவேண்டும்.

3. மின்திறனும் வெப்பமும்

புராசஸரும் கிராபிக்ஸ் பகுதியும் ஒரே மின்திறனைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ரைசன் 7 7840யூ என்பதை, கணினி செய்யும் நிறுவனம் 15 வாட் முதல் 30 வாட் வரை எந்த அளவிலும் அமைக்கலாம். மெலிந்த கணினியில் குறைந்த வாட்டில் அமைந்தால், அதே புராசஸர் மெதுவாகவே இயங்கும். வெப்பம் மிகுந்தாலும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கோடைக்காலத்தில், காற்று வெளியேறும் துளைகளை மறைக்கும் மெத்தையின்மேல் கணினியை வைத்து விளையாடுதல் தகாது.

2022ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஸ்டீம் டெக்’ என்னும் கைக்கருவி இங்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் புராசஸரில் 4 கருக்களும் 8 கிராபிக்ஸ் கூறுகளுமே உள்ளன. அது கொள்ளும் மின்திறன் 4 முதல் 15 வாட். எனினும், அதன் திரை 1280×800 அளவினதாதலால், வரையவேண்டிய புள்ளிகள் 1920×1080 திரையைவிட ஏறக்குறையப் பாதியாகக் குறைகின்றன. மடிக்கணினியிலும் விளையாட்டின் படஅளவை 1280×720 எனக் குறைத்து வைப்பின், கிராபிக்ஸ் பகுதியின் சுமை பெரிதும் குறையும்.

வாங்குமுன் கேட்கவேண்டியவை

அ) புராசஸரின் முழு எண் என்ன? அதிலுள்ள கிராபிக்ஸ் எவ்வகை, எத்தனை கூறுகள்?

ஆ) ரேம் எவ்வளவு? இரு வழிகளில் உள்ளதா? பின்னர் கூட்ட இயலுமா?

இ) அக்கணினியில் புராசஸருக்கு எத்தனை வாட் வழங்கப்படுகிறது?

ஈ) விளையாட விரும்பும் விளையாட்டுக்குக் குறிக்கப்பட்ட குறைந்த அளவுத் தேவை யாது?

இவற்றிற்கு விடை பெறாமல் ‘ரைசன் 7’ அல்லது ‘ஐ7’ என்னும் பெயருக்காக மட்டும் கூடுதல் விலை கொடுத்தல் வீண். ஒரு வழியில் ரேம் பொருத்திய உயர்ந்த புராசஸரைவிட, இரு வழிகளில் ரேம் பொருத்திய நடுத்தரப் புராசஸர் விளையாட்டில் சிறந்து விளங்குதல் கூடும்.