மிஷினை விட்டு நகர்ந்தால் ஒரு பீஸ் போச்சு

கணபதி, கோவை

அன்புள்ள கண்ணு,

ஞாயிறுதோறும் பட்டறைப் பையன்களுக்கு வகுப்பு நடத்தப்போவதாகப் போனில் சொன்னாய். நடத்து. டிராயிங் படிக்க, டாலரன்ஸ் புரிய அது உதவும். கடைசல் வேலை மட்டும் லேத் பக்கத்தில் நின்றால்தான் வரும்.

நான் பழகிய பட்டறையில் 100 மில்லி விட்டமுள்ள ஷாஃப்ட் ஒன்றைக் கடைந்து, மிஷினை நிறுத்திய கையோடு மைக்ரோமீட்டர் வைத்தேன். அளவு அச்சாக இருந்தது. போர்மேன் ஒன்றும் பேசவில்லை. ஷாஃப்ட் நன்றாக ஆறியபின், "இப்ப அளந்து பாரு" என்றார். 20 மைக்ரானுக்கு மேல் குறைந்திருந்தது! 20 டிகிரி சூடேறினால் அந்த விட்டம் ஏறக்குறைய 23 மைக்ரான் பெருக்கும் என்ற கணக்கைப் பிற்பாடுதான் படித்தேன். ஷாஃப்ட் வீண். என் கூலியில் பிடிக்கவில்லை.

உன் பட்டறையில் பீஸ் ரேட். போன வாரம் வந்தபோது கவனித்தேன். புதுப் பையன் ஹைஸ்பீட் டூலில் எஃகைக் கடைகிறான், சுருள் நீலமாக விழுகிறது. கார்பைடு என்றால் பரவாயில்லை, சூடு சுருளோடு போய்விடும். ஹைஸ்பீட் டூலுக்கு அது ஆகாது, முனை மழுங்கிவிடும். பக்கத்து மிஷினில் உன் மூத்த டர்னர் அதைப் பார்த்தார், திரும்பிக்கொண்டார். வேகத்தைக் குறைக்கச் சொல்ல இரண்டு நிமிஷம் ஆகும். நகர்ந்து போனால் அவருக்கு ஒரு பீஸ் போச்சு. தொழிலை மறைக்கிறார் என்று அவர்மேல் உனக்குக் குறை. கூலிக் கணக்கு நீ போட்டதுதானே?

பையன் கூட நிற்கும் மாதங்களில் அவருக்கு நாள் கூலி கொடு. அவர் வழக்கமாகச் சம்பாதிப்பதற்கு ஒரு ரூபாயும் குறையக் கூடாது. ஷிப்ட் மாறும்போது பத்து நிமிஷம் இரண்டு ஆட்களும் மிஷின் முன்னால் நிற்கட்டும், அதற்கும் காசு. ரிஜெக்ட்டுக்கு அபராதம் போடாதே, போட்டால் கெட்ட பீஸ் உன் கண்ணில் படாமல் ஸ்கிராப்புக்குப் போய்விடும்.

டீ நேரம் நீண்டால் கேமராவில் பார்த்துச் சத்தம் போடுகிறாயாமே? அமெரிக்காவில் ஜெராக்ஸ் மெக்கானிக்குகளோடு சுற்றிய ஜூலியன் ஓர் என்பவர் 1996இல் ஒரு புத்தகம் போட்டார். கையேட்டில் இல்லாத பழுதுகளைப் பிடிக்க அவர்களுக்குச் சாப்பாட்டு மேசைக் கதைகள் உதவின என்கிறார்.

ஒன்று மறந்துவிட்டேன். மூத்தவருக்கு வருகிற சித்திரையில் 60. அதோடு ஊருக்குப் போகிறாராம். என்னிடம் சொன்னார், உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்.

பெரியப்பா