படலைப் பலகை பொருத்தும்போது

மீள்குடியேறி வந்த காணியில் அடைப்பு முடிந்ததும் படலை வேண்டும். பிறகு மலசலகூடத்துக்கு ஒரு கதவு, கிணற்றடியில் ஒரு வாங்கு. மன்னார்க் கரையில் இவை மாதக்கணக்காக உப்புக்காற்றிலும் வெயிலிலும் காய்ந்து கிடந்து, ஒக்டோபரில் மாரி தொடங்கியதும் ஒரேயடியாக நனையும். பலகை நடுவில் உக்குவது குறைவு. பொருத்திலும் அறுத்த முனையிலும் ஆணித் துளையிலும் தண்ணீர் தங்கும். உக்கத் தொடங்குவதும் அங்கேதான்.

மரக்காலையில் “மருந்து ஏற்றிய பலகை” என்று சொன்னால், என்ன மருந்து என்று கேளுங்கள். றப்பர் மரத்துக்குப் பெரும்பாலும் போரன் மருந்தே ஏற்றுவார்கள். அது பூச்சியைத் தடுக்கும், மழையில் கரைந்து போய்விடும். கட்டிலுக்கும் மேசைக்கும் நல்லது, படலைக்கு ஆகாது. வெளிவேலைக்குச் செம்பு சேர்ந்த மருந்து ஏற்றிய பலகை வேண்டும். அதில் பெரும்பாலும் இலேசான பச்சை தெரியும்.

மருந்து பலகையின் நடுவரை இறங்குவதில்லை. ஆகவே அறுத்த முனைக்கும் துளைக்கும் வெளிவேலைக்கான மர மருந்தைத் தூரிகையால் இரண்டு தடவை பூசுங்கள். அறுத்த முனை மேலே இருக்கட்டும். படலைக்கும் நிலத்துக்கும் இடையில் இரண்டு அங்குலமாவது விடுங்கள்.

இடிந்த வீட்டில் பொறுக்கிய ஆணியை நிமிர்த்தி அடிக்கத் தோன்றும். கையில் காசில்லாத நேரத்தில் அது நியாயம்தான். ஆனால் செம்பு மருந்து வெறும் இரும்பை விரைவாக அரிக்கும். மிச்சத்தைக் கடற்காற்று முடித்துவிடும். தடிப்பாக நாகமுலாம் பூசிய திருகாணி வாங்குங்கள். அலை தெரியும் தூரத்தில் வீடு என்றால் துருப்பிடிக்காத உருக்கே நல்லது. ஓர் அங்குலப் பலகையை ஓர் அங்குலக் குறுக்குச் சட்டத்தில் பூட்ட ஒன்றே முக்கால் அங்குலம் போதும். முதலில் சிறு துளை போட்டால் பலகை வெடிக்காது.

காய்ந்த பலகை மாரியில் ஊதும். இரண்டு பலகைக்கு நடுவில் ஓர் ஆணியை வைத்து, அந்தத் தடிப்புக்கு இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். ஈரமாக வாங்கிய பலகை என்றால் நெருக்கியே வையுங்கள். காயும்போது இடைவெளி தானாக வரும். மேலும் கீழும் குறுக்குச் சட்டம் போட்டபின், கீழ்ப் பிணைச்சல் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்க மேல்மூலைக்கு ஒரு சாய்சட்டம் ஏற வேண்டும். மாறிப் போட்டால் படலை தொங்கும்.

மிஞ்சிய துண்டுகளை அடுப்பில் வைக்கவே வேண்டாம். விறகுக்கு அலையும் வீட்டில் இதைச் சொல்வது கஷ்டம் என்று தெரியும். சில செம்பு மருந்துகளில் ஆசனிக் என்ற நஞ்சும் இருக்கிறது. எரித்தால் அது புகையிலும் சாம்பலிலும் வரும். அந்தச் சாம்பலால் சட்டி விளக்குவதும் மரக்கறிக்குப் போடுவதும் ஆபத்து. துண்டுகளையும் அரிதூளையும் கூட்டி உரப்பையில் கட்டி, பிரதேச சபையின் குப்பை எடுப்பவர்களிடம் என்னவென்று சொல்லிக் கொடுங்கள். கிணற்றருகே புதைக்க வேண்டாம். அறுக்கும்போது வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும். கை கழுவிய பிறகே சாப்பிடுங்கள்.

முதல் மாரி கழிந்ததும் திருகாணிகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.