பிரெஞ்சு நாகரிகம்: எந்தப் பாதி திரையில்?

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றின் பாடப்பட்டியலில் ‘பிரெஞ்சு நாகரிகம்’ என்று ஒரு வகுப்பு இருக்கும். கணினியோ பொறியியலோ படிக்கப் போன நம் பிள்ளைகள், கலைப் பாடமும் எடுத்தாக வேண்டும் என்ற விதிக்காக அதில் வந்து சேர்வார்கள். ப்ளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்தவர்களுக்கு அது ஏற்கெனவே பழகிய சங்கதி போலத் தோன்றும். பதிவுப் பக்கத்தைத் திறந்தால் அதே பாடம் மூன்று வேஷத்தில் நிற்கும்: முழுக்க வகுப்பறையில், முழுக்க இணையத்தில், வாரத்தில் ஒரு நாள் நேரில் வந்து மீதியைத் திரையில் முடிக்கும் ஹைப்ரிட். ஒரு நாள் அலைச்சல் மிச்சம் என்று பலர் ஹைப்ரிட்டைப் பிடிப்பார்கள்.

அந்தக் கணக்கு சீக்கிரமே இடிக்கும். மூன்று கிரெடிட் பாடம் என்றால், பதினைந்து வார செமஸ்டரில் வாரத்துக்கு மூன்று மணி நேர வகுப்பும் அதற்கு வெளியே ஆறு மணி நேரப் படிப்பும் என்பதுதான் அங்கே வழக்கமான அளவு. ஹைப்ரிட்டில் வகுப்பு நேரத்தில் ஒரு பங்கு திரைக்கு மாறுகிறது, அவ்வளவுதான். ஒன்பது மணி நேரம் அப்படியே இருக்கும். கோடையில் இதே பாடத்தை ஏழெட்டு வாரத்துக்குள் சுருக்கியும் நடத்துவார்கள். அப்போது வாரத்துக்கு ஏறக்குறைய பதினெட்டு மணி நேரம். பகுதிநேர வேலை பார்ப்பவர்கள் அந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

எஃப்-1 விசாவில் போனவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இளநிலை மாணவர் ஒரு செமஸ்டரில் குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும். நேரில் போக வேண்டிய அவசியமே இல்லாத இணைய வகுப்பு என்றால், அந்தப் பன்னிரண்டில் ஒரு வகுப்பு, அதாவது மூன்று கிரெடிட் வரைதான் சேர்த்தி. ஏற்கெனவே அப்படி ஒன்று கையில் இருந்தால், முழு இணையப் பிரெஞ்சு நாகரிகம் கணக்கில் ஏறாது. ஹைப்ரிட்டுக்கு ஆள் நேரில் போயாக வேண்டும் என்பதால் அதற்கு இந்தத் தடை இல்லை. இருந்தாலும் பதிவு செய்யும் முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சீனியர் அண்ணன் சொன்னார் என்பது விசா விஷயத்தில் செல்லாது.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். ஹைப்ரிட்டில் எத்தனை மணி நேரம் திரையில் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எது திரையில் என்று யாரும் கேட்பதில்லை. டிரேஃபஸ் விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூதரான ராணுவ அதிகாரி ஆல்ஃப்ரெட் டிரேஃபஸ், ஜெர்மனிக்கு ரகசியம் விற்றதாக 1894இல் பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்டுத் தண்டிக்கப்பட்டார். 1898 ஜனவரியில் எழுத்தாளர் எமில் ஸோலா அவருக்காகக் குடியரசுத் தலைவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். 1906இல்தான் டிரேஃபஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. இந்த வரிசையை ஒரு வீடியோ சொல்லிவிடும், புரியாவிட்டால் இரண்டு முறை ஓட்டிப் பார்க்கலாம். உண்மையான குற்றவாளி யார் என்பதற்கு ஆதாரம் வந்த பிறகும் ஏன் அத்தனை பேர் ராணுவத்தின் பக்கமே நின்றார்கள் என்பதற்கு வீடியோ போதாது. மேசையைச் சுற்றி ஆட்கள் வேண்டும், அவர்களில் ஒருவராவது அசட்டுத் துணிச்சலோடு எதையாவது சொல்ல வேண்டும், ஆசிரியர் அவரை மடக்க வேண்டும்.

அதே பூசலின் சூடு ஆறுவதற்குள் 1905இல் அரசையும் மத நிறுவனங்களையும் பிரிக்கும் சட்டம் வந்தது. அரசுப் பள்ளியிலிருந்து மத போதனையை அதற்கு முன்பே, 1880களில், அமைச்சர் ழூல் ஃபெரியின் சட்டங்கள் வெளியேற்றியிருந்தன. அங்கிருந்து நூறு ஆண்டு தாண்டி வந்தால் 2004ஆம் ஆண்டுச் சட்டம்: அரசுப் பள்ளி மாணவர்கள் மத அடையாளத்தைப் பளிச்சென்று தெரியும்படி அணியக் கூடாது. முஸ்லிம் மாணவிகளின் முக்காடும் சீக்கிய மாணவர்களின் தலைப்பாகையும் அதில் சிக்கின. இதில் ஒரு வேடிக்கை, 1905இல் அல்சாஸ்-மொசெல் பகுதி ஜெர்மனியின் கையில் இருந்ததால் அந்தப் பிரிவினைச் சட்டம் அங்கே இன்றும் செல்லாது. பாதிரியாருக்கு அரசே சம்பளம் கொடுக்கிறது. தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் அரசு விடுமுறை வாங்கி வளர்ந்த ஒருவருக்கு இதைக் கேட்டால் வாய் சும்மா இருக்காது. அந்த வாய்க்கு நேரில் இடம் கொடுக்கும் ஹைப்ரிட்தான் எடுக்கத் தக்கது.

தலைகீழான வகையும் உண்டு. நேரில் வரும் அந்த ஒரு நாளும் ஆசிரியர் ஸ்லைடைப் படித்துக் காட்டுவார், விவாதம் திரைக்குப் போய்விடும். ஆளுக்கு இருநூறு சொல் எழுதி இரண்டு பேருக்குப் பதில் போட வேண்டும். கெடு முடியும் இரவில் எல்லோரும் ‘அருமையான கருத்து, நானும் ஒத்துப்போகிறேன்’ என்று எழுதிக் கடனைக் கழிப்பார்கள். இதைவிட நல்ல முழு இணைய வகுப்பு எவ்வளவோ மேல்.

நல்ல முழு இணைய வகுப்பு என்று ஒன்று இருக்கிறதா என்றால், இந்தப் பாடத்தில் இருக்க முடியும். பிரான்ஸின் தேசிய நூலகம் நடத்தும் காலிகா தளத்தில் ஸோலாவின் கடிதம் வந்த ‘லோரோர்’ நாளிதழையே புரட்டலாம். லூவ்ர் அருங்காட்சியகம் தன் சேகரிப்பை 2021இல் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. பழைய வானொலி, தொலைக்காட்சிப் பதிவுகளுக்கு ‘இனா’ என்ற ஆவணக் காப்பகம் இருக்கிறது. மாணவரை இவற்றுக்குள் அனுப்பித் தேடி எழுத வைக்கும் ஆசிரியர் கிடைத்தால், வேலைக்குப் போகிறவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் தயங்காமல் சேரலாம். வீடியோவும் பத்துக் கேள்வி வினாடி வினாவும் மட்டும்தான் என்றால் வேண்டாம்.

அடுத்த கேள்வி மொழி. சில கல்லூரிகள் இதை ஆங்கிலத்தில் நடத்துகின்றன, சில பிரெஞ்சிலேயே. பிரெஞ்சில் நடக்கும் வகுப்புக்குப் பொதுவாக இரண்டு ஆண்டு மொழிப் படிப்பை முன்தகுதியாகக் கேட்பார்கள். நம்மூரில் வாங்கிய 98 மதிப்பெண்ணை நம்பி அதில் குதிக்க வேண்டாம். அந்தத் தேர்வு எழுதத்தான் சொல்லித் தந்தது, பேச அல்ல. ஐரோப்பிய அளவுகோலில் பி1 நிலைக்குக் கீழே இருந்தால் ஆங்கில வகுப்பே சரி. அதற்கு மேல் இருந்து, நாக்கும் பழக வேண்டும் என்றால் ஹைப்ரிட்டையும் விட்டுவிட்டு முழு வகுப்பறைக்குப் போங்கள். பேச்சுக்கு வாரம் ஒரு நாள் காணாது.

பாடத்திட்டத்தை இரண்டு விதமாக அமைப்பார்கள். ஒன்று, ஜூலியஸ் சீசரிடம் தோற்ற பண்டைய ‘கால்’ இனத் தலைவர்கள் முதல் இன்றைய குடியரசுத் தலைவர் வரை வரிசையாக ஓடுவது. இன்னொன்று பள்ளி, மதம், குடியேற்றம், உணவு என்று தலைப்புவாரியாகப் போவது. நான் இரண்டாவதன் பக்கம். வரிசையை யாரும் வீட்டில் படித்துக்கொள்ளலாம். எதுவானாலும் ஒன்றை மட்டும் பாருங்கள்: பிரான்ஸின் எல்லை ஐரோப்பாவோடு முடிந்துவிடுகிறதா? 1794இல் குடியரசு ஒழித்த அடிமை முறையை 1802இல் நெப்போலியன் திரும்பக் கொண்டுவந்ததும், 1804இல் ஹைட்டி விடுதலை பெற்றதும், 1962 வரை நீண்ட அல்ஜீரியப் போரும் இல்லாத பிரெஞ்சு நாகரிகம் பாதிப் பாடம்தான்.

தமிழ் மாணவருக்கு இதில் சொந்த லாபமும் உண்டு. பிரெஞ்சிந்தியாவில் 1881ஆம் ஆண்டு ஆணை ஒன்று, தங்கள் சாதி, மத வழக்கப்படியான சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர உள்ளூர்க்காரர்களுக்கு வழி திறந்தது. 1954இல் ஆட்சி இந்தியாவுக்குக் கைமாறி, 1962இல் அதற்கான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, புதுச்சேரிக்காரர்கள் பலர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தார்கள். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கிய நாட்குறிப்பு தமிழில் இருக்கிறது. செமஸ்டர் இறுதிக் கட்டுரைக்கு அதைத் தொட்டீர்களானால், அந்த மூலத்தை நேரடியாக வாசிக்கக்கூடியவர் வகுப்பில் அநேகமாக நீங்கள் ஒருவர்தான்.

கல்லூரிக்கு வெளியே போக நினைப்பவர்களுக்கு இரண்டு வழி. பாரீஸில் சோர்போனின் பெயரோடு 1919இல் தொடங்கிய, வெளிநாட்டவருக்கான நாகரிக வகுப்புகள் உண்டு. செலவு அதிகம், கிரெடிட்டை மாற்ற முடியுமா என்று உங்கள் துறையிடம் புறப்படும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். 2013இல் தொடங்கிய ‘ஃபன்’ என்ற அரசுத் தளத்தில் பிரெஞ்சுப் பல்கலைக்கழகங்களின் பாடங்கள் பலவற்றை இலவசமாகப் படிக்கலாம். அதை வைத்துப் பட்டத்துக்கு கிரெடிட் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாடம் தொடங்கும் முன் காதைப் பழக்க நன்றாக உதவும்.

இவ்வளவையும் பதிவுப் பக்கம் சொல்லாது. ஆசிரியருக்கே மின்னஞ்சல் எழுதிச் சென்ற ஆண்டுப் பாடத்திட்டத்தைக் கேளுங்கள், நேரில் வரும் நாளில் என்ன நடக்கும் என்றும் கேளுங்கள். பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள். முதல் வகுப்பிலேயே ஸ்லைடு ஓட ஆரம்பித்தால் அந்த வாரத்துக்குள் பாடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். கெடு தாண்டி விலகினால் மதிப்பெண் சான்றிதழில் ‘டபிள்யூ’ விழும், கட்டணமும் முழுசாகத் திரும்பாது. எஃப்-1 மாணவர் என்றால், வேறு பாடத்தில் இடம் உறுதியான பிறகே இதை விடுங்கள். பன்னிரண்டு கிரெடிட்டுக்குக் கீழே ஒரு நாள்கூட இறங்கக் கூடாது.