பழைய மோட்டார் வண்டிக்குப் புதிய பாட்டரி

மோட்டார் வண்டியின் உறுப்புக்களுள் அடிக்கடி மாற்றப்படுவதும், மாற்றுங்கால் மிகக் குறைந்த ஆராய்ச்சிக்கு உட்படுவதும் பாட்டரியே யாகும். டயர் வாங்கச் செல்வோர் அதன் அளவைக் குறித்துக்கொண்டு செல்வர். பாட்டரி வாங்கச் செல்வோரோ, “காருக்கு ஒரு பாட்டரி” என்று மட்டும் கேட்பர். புதிய வண்டிகளுக்கு அவ்வளவே போதுமாயிருக்கலாம். அரை நூற்றாண்டைக் கடந்த வண்டிக்கு அது போதாது என்பதை எங்கள் வீட்டில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியால் அறிந்தேன். தமிழ் பயிலும் மாணவனுக்கு இயந்திர நூலில் என்ன வேலை என்று நண்பர்கள் வினவக்கூடும். புகை எழுந்தபொழுது அருகில் நின்றவன் யான். அதுவே எனக்குள்ள தகுதி.

என் பாட்டனாரிடம் ஒரு மோரிஸ் மைனர் வண்டி இருக்கிறது. 1950களின் முற்பகுதியிற் பிறந்தது. அவர் கைக்கு வந்தது 1974ஆம் ஆண்டில். அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்த இவ்வண்டி 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது. இந்நாட்டிலும் இந்துஸ்தான் மோட்டார் கம்பெனியார் இதனைப் ‘பேபி இந்துஸ்தான்’ என்ற பெயரில் விற்றனர். திண்டுக்கல்லினின்று வேடசந்தூருக்கும் வத்தலக்குண்டுக்கும் எங்கள் குடும்பத்தாரைச் சுமந்த அவ்வண்டியில், என் அத்தை மகளின் திருமணத்திற்குத் தாமே மணமகளை அழைத்துச் செல்ல வேண்டுமென்பது எண்பது கடந்த பாட்டனாரின் விருப்பம். திருமணத்திற்கு நான்கு நாட்கள் இருக்கையில் பாட்டரி உயிர்விட்டது.

பாட்டரியின் இயல்பை முதலிற் சிறிது நோக்குவோம். 1859ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துக் காஸ்தோன் பிளாந்தே என்பவர், கந்தகத் திராவகத்தில் அமிழ்த்திய ஈயத் தகடுகளில் மின்சாரத்தைச் செலுத்திப் பின்னர் அதனை மீளப் பெறலாமெனக் காட்டினார். 1881இல் அந்நாட்டவரே ஆகிய காமில் ஃபோர் என்பவர் தகடுகளின்மேல் ஈயக் களிம்பைப் பூசும் முறையைக் கண்டார். இன்று கடையில் விற்கப்படும் பெட்டியும் அவ்வழியில் வந்ததே. ‘மின்கலம்’ என்று நாம் வழங்கும் பெயர் சற்றே மயக்கந் தருவது. பாத்திரத்திற்கும் மரக்கலத்திற்கும் வழங்கும் ‘கலம்’ என்னும் சொல், உள்ளே மின்சாரம் நெல்போலக் கொட்டிவைக்கப்பட்டுள்ளது என்று எண்ணச் செய்கிறது. உண்மையில் உள்ளிருப்பது ரசாயன மாறுதலுக்குரிய ஆற்றலே. மின்சாரத்தைக் கொடுக்குந்தோறும் இருவகைத் தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன. திராவகம் நீர்த்துப் போகிறது. எதிர்வழியில் மின்சாரத்தைச் செலுத்தினால் பழைய நிலை மீள்கிறது. ஓர் அறைக்கு ஏறக்குறைய 2 வோல்ட். ஆறு அறை சேர்ந்தால் 12, மூன்று அறையாயின் 6.

இப்பெட்டிக்கு இரண்டு முனைகள் உண்டு; அவற்றுள் ஒன்றை வண்டியின் இரும்பு உடம்போடு இணைப்பர். இதனை எர்த்து என்பர். இன்றைய வண்டிகள் யாவற்றிலும் எதிர்முனையே எர்த்து. 1930களின் நடுவிலிருந்து 1960கள் வரையில் ஆங்கில வண்டிகள் பெரும்பாலானவற்றில் நேர்முனையே எர்த்தாயிருந்தது. கம்பிகளும் இணைப்புக்களும் அரிக்கப்படுவது இதனாற் குறையுமென்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. பின்னர் ஆல்டர்னேட்டரும் டிரான்சிஸ்டரும் வண்டிகளில் ஏறியபொழுது உலகமெங்கும் எதிர்முனைக்கே மாறிற்று. எங்கள் மைனர் பழைய முறையது.

பாட்டரி பூட்ட வந்த இளைஞர் நல்லவர். தம் தொழிலில் கைவேகமும் உடையவர். ஆயின் அவர் பிறக்குமுன்னரே நேர்முனை எர்த்து வழக்கொழிந்து விட்டது. “ஐயா, எல்லாக் காரிலும் மைனஸ்தான் பாடியில் வரும்” என்று கூறிக் கவ்விகளை எடுத்தார். ஒரு கவ்வி முனையிற் புகவில்லை. அதனை நெம்பி விரித்தார். மற்றொன்று தளர்ந்தது, அதனுள் ஈயத் தகட்டை மடித்துச் செருகினார். வண்டி, சாவி மாறிய பூட்டைப்போல, அப்பொழுதே ‘இது எனக்குரியதன்று’ என்று சொல்லியிருக்கிறது. வழக்கமான பாட்டரியில் நேர்முனை 19.5 மில்லிமீட்டர் பருமனும், எதிர்முனை 17.9 மில்லிமீட்டர் பருமனும் உடையன. இடம் மாறாதிருக்க வேண்டுமென்றே அவ்வாறு அமைத்துள்ளனர். எங்கள் வண்டியின் உடம்போடு பிணைந்த கவ்வி பெரியது. அது நேர்முனைக்கே உரியது. திண்டுக்கல்லிற் பிறந்து வளர்ந்த எனக்கு அது அப்பொழுது விளங்காமற் போனது சிறிது வெட்கமே.

பாட்டனார் குமிழை இழுத்தார். ஸ்டார்ட்டர் சுழன்றது, எஞ்சின் உடனே கிளம்பிற்று, நின்றவர் யாவரும் மகிழ்ந்தனர். இங்கேதான் இவ்விஷயத்தின் வஞ்சகம் உள்ளது. ஸ்டார்ட்டரில் காந்தச் சுருளும் சுழலும் சுருளும் தொடராக இணைந்துள்ளமையால், மின்சாரத்தின் திசை மாறினால் இரண்டும் ஒருங்கே மாறும். ஆகவே சுழலுந் திசை மாறுவதில்லை. விளக்கிற்கோ திசையைப் பற்றிய கவலையே இல்லை. தீப்பொறி சற்றே வலிகுன்றும், எஞ்சின் ஓடும். எல்லாம் சரியே என்று வண்டி பொய்ச்சாட்சி சொல்லும். டைனமோ ஒன்றே உண்மை பேசுவது. அதன் இரும்பில் எஞ்சிநிற்கும் சிறிய காந்தமே எத்திசையில் மின்சாரம் பிறக்குமென்பதை முடிவு செய்கிறது. அக்காந்தம் பழைய முறையையே நினைவில் வைத்திருந்தது. பாட்டனார் வேகத்தைக் கூட்டியதும், அணைய வேண்டிய சிவப்பு விளக்கு அணையாமல் மேலும் ஒளிர்ந்து பட்டென்று வெடித்தது. டைனமோவையும் பாட்டரியையும் இணைக்கும் ‘கட்-அவுட்’ என்னும் சிறு கருவி மூடிற்று, இரண்டின் வோல்ட்டும் ஒன்றோடொன்று கூடிப் பாய்ந்தன, புகை எழுந்தது. எஞ்சினை நிறுத்தியும் புகை நிற்கவில்லை. கட்-அவுட்டின் முனைகள் ஒட்டிக்கொண்டமையால் பாட்டரி தன் முழு வலியையும் டைனமோவின் வழியே கொட்டிக்கொண்டிருந்தது. “தம்பி, எர்த்தைக் கழற்று!” என்று பாட்டனார் கூவினார். செருகிய ஈயத்தோடு கவ்வி எளிதிற் கழன்றது, அன்று அந்தத் தளர்ச்சி செய்த ஒரே நன்மை.

மறுநாள் பழைய மெக்கானிக் ஒருவர் ஒட்டிய முனைகளைப் பிரித்து உப்புத்தாளால் தேய்த்தார். டைனமோ பிழைத்தது. பாட்டரியை முறைப்படி திருப்பியபின், டைனமோவின் சுருளைக் கணப்பொழுது பாட்டரியோடு தொடச்செய்து காந்தத்தின் திசையை உறுதிப்படுத்தினார். எது நேர்முனை என்று ஐயம் நேருமாயின் அவர் செய்யும் சோதனை அழகியது: வெட்டிய உருளைக்கிழங்கில் இரண்டு செப்புக் கம்பி முனைகளையும் சற்றுத் தள்ளித் தள்ளிக் குத்தி வைப்பார்; நேர்முனையைச் சார்ந்த கம்பியைச் சுற்றிப் பச்சை நிறம் தோன்றும். வோல்ட் மீட்டர் இருந்தும் அவர் கிழங்கையே நம்புகிறார்.

பூட்டும் முறையோடு வாங்கிய பெட்டியும் தவறு என்பதை அவரே காட்டினார். கடையில், பெரியது நல்லது என்று 70 ஆம்பியர்-மணி உடையதை எங்களுக்குத் தந்திருந்தனர். மைனருக்கு 40 ஆம்பியர்-மணி அளவுடையது போதும். அதாவது 2 ஆம்பியர் வீதம் இருபது மணி நேரம் கொடுக்கவல்லது. அவ்வண்டியின் டைனமோ ஏறக்குறைய 20 ஆம்பியரே தரும். மெதுவாக ஓடுகையில் அதுவுமில்லை. சிறிய ஊற்றுக்குப் பெரிய ஏரியை வெட்டினால் அது நிரம்புவது எப்பொழுது? பாதி நிரம்பி நிற்கும் பாட்டரியின் தகடுகளில் சல்பேட்டு இறுகிவிடும். உயரமும் முக்கியம். மைனரில் பாட்டரி எஞ்சின் மூடியின் கீழே உள்ளது; பெட்டி உயர்ந்தால் முனை அந்த இரும்பு மூடியில் தட்டும். கம்பிகள் குட்டையானவை யாதலின், நேர்முனை இடப்பக்கமா வலப்பக்கமா என்பதையும் பார்த்தே வாங்குதல் வேண்டும். சில பெட்டிகளின் முனைகள் மெலிந்தவை, அவற்றையும் விலக்குக.

மூடி முத்திரையிட்டு, நீரே ஊற்ற வேண்டாதென விற்கப்படும் வகையைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. எனக்குத் தோன்றுவது, பழைய டைனமோ வண்டிக்குத் திருகுமூடிகள் உள்ள வகையே ஏற்றது. அரை நூற்றாண்டுக் கருவி ஒருநாள் அளவு மீறி மின்சாரம் ஏற்றி நீரை வற்றச் செய்தால், மூடியைத் திறந்து வடித்த நீரை ஊற்றலாம். முத்திரையிட்டதில் அது இயலாது. திராவகத்தின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரால் அளந்து ஒவ்வோர் அறையின் உடல்நலத்தையும் தனித்தனியே அறியலாம். பெட்டியின்மேல் எழுதியுள்ள குளிர்காலத் தொடக்க வலிமை என்னும் எண்ணைக் கண்டு மயங்க வேண்டா. அது பூச்சியத்திற்குக் கீழ் 18 டிகிரியில் அளக்கப்படுவது. சிறுமலையின் பதினெட்டு வளைவுகளையும் ஏறி மேலே சென்றாலும் அக்குளிர் நம் ஊரில் இல்லை. நம் சமவெளியில் பாட்டரியைக் கொல்வது வெப்பமே. வெப்பம் பத்து டிகிரி கூடுந்தோறும் உள்ளே நிகழும் மாறுதல்கள் ஏறத்தாழ இருமடங்கு விரைவடையும் என்பர்.

எல்லாப் பழைய வண்டிகளும் மைனரைப் போல்வன அல்ல. பழைய வில்லிஸ் ஜீப்பும், முற்காலத்துப் புல்லட்டும், ஜாவாவும் 6 வோல்ட்டில் இயங்குவன. அவற்றில் 12 வோல்ட் பாட்டரியை வைத்தால் விளக்குகள் உடனே எரிந்துபோம். ஃபியட் 1100 பழையதேயாயினும் எதிர்முனை எர்த்துடையது. ஆதலால் வயதை வைத்து முடிவு செய்தலாகாது. கழற்றுமுன் பார்த்துக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

இறந்த பாட்டரியைக் கடையிலேயே கொடுத்துவிட்டோம். விலையில் சிறிது குறைத்தனர். 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகளும் அவற்றைத் திரும்பச் சேர்க்கும் பொறுப்பை உற்பத்தி செய்வோர்மேல் வைத்துள்ளன. வீட்டுப் புறங்கடையில் உடைத்து ஈயத்தை உருக்குவோரும் உண்டு. அப்புகை குழந்தைகளின் மூளையைக் கெடுப்பது.

பெரிய பெட்டியைக் கடைக்காரர் மறுப்பின்றி மாற்றித் தந்தார். பூட்ட வந்த அவ்விளைஞரே மீண்டும் வந்து, பெரிய கவ்வியை எர்த்தில் இட்டு, அதன்மேல் சிவப்புச் சாயத்தால் ஒரு கூட்டல் குறியும் இட்டார். திருமணத்தன்று காலையில் பாட்டனார் ஸ்டார்ட்டரை நம்பாமல் முன்புறத்துக் கைப்பிடி இரும்பையும் வண்டியில் எடுத்து வைத்துக்கொண்டார். அதற்கு வேலை நேரவில்லை. இப்பொழுது மாதத்தில் ஒரு ஞாயிறு, பிற்பகலில், ஹைட்ரோமீட்டருடன் ஆறு அறைகளையும் திறந்து எண்களை ஒரு நோட்டில் எழுதும் வேலை என்னுடையது.