கர்னல் செல்ஃப்டெஸ்ட் எழுத வருகிறவர்களுக்கு

தம்பி தங்கைகளே, லினக்ஸ் கர்னலுக்குள் நுழைய டெஸ்ட் எழுதுவது நல்ல வாசல். மூலநிரலில் டூல்ஸ், அதற்குள் டெஸ்டிங், அதற்குள் செல்ஃப்டெஸ்ட்ஸ் என்ற டைரக்டரியைத் திறந்தால் நெட்வொர்க், மெமரி, டைமர், செக்காம்ப் என்று துறைவாரியாக டெஸ்ட்கள் கிடக்கும். கேசெல்ஃப்டெஸ்ட் என்று அழைப்பது இதைத்தான். இங்கே டெஸ்ட் எழுதுவதைச் சில்லறை வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல வருஷம் இதைப் பார்த்து வந்ததில் உங்களிடம் சொல்ல நினைப்பவை இவை.

1. ஃபெயில் என்று வந்தால் கர்னல் உடைந்திருக்க வேண்டும். வேறு எந்தக் காரணத்துக்காகவும் உங்கள் டெஸ்ட் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. நீங்கள் எழுதுவது உங்கள் எக்ஸ்86 லேப்டாப்பில். அது ஓடப்போவது கர்னல்சிஐ போன்ற அமைப்புகளின் ஆய்வகங்களில், ஆர்ம் போர்டுகளில், ஐபிஎம் மெயின்ஃப்ரேமில், கியூஎம்யூ எமுலேஷனில். முடிவைப் படிப்பவருக்கு உங்களைத் தெரியாது. காரணமில்லாமல் நாலு தடவை ஃபெயில் காட்டிய டெஸ்ட்டை ஐந்தாவது தடவை யாரும் திறந்து பார்ப்பதில்லை. புலி வருது கதைதான். உண்மையான ரிக்ரெஷன் அந்த ஐந்தாவது தடவையில் வந்து, யார் கண்ணிலும் படாமல் ரிலீஸுக்குள் போய்விடும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

2. ஸ்கிப் சொல்லக் கூச்சப்படாதீர்கள். ரூட் உரிமை இல்லை, வன்பொருள் இல்லை, சிஸ்டம் கால் இந்தக் கர்னலில் இல்லாமல் ஈநோசிஸ் வருகிறது என்றால் 4 என்ற எக்ஸிட் கோடோடு வெளியே வாருங்கள். கேசெல்ஃப்டெஸ்டில் 0 பாஸ், 1 ஃபெயில், 4 ஸ்கிப். ஏன் ஸ்கிப் என்று ஒரு வரி அச்சிடுங்கள்.

இதன் மறுபக்கத்தில் இன்னும் கவனம் வேண்டும். எந்தப் பிழை வந்தாலும் ஸ்கிப் என்று எழுதிவிட்டால், நாளைக்கு ஒரு பக் காரணமாக ஈஇன்வால் வரும்போதும் டெஸ்ட் அமைதியாக ஸ்கிப் சொல்லிக்கொண்டே இருக்கும். வசதி இருக்கிறதா என்று தொடக்கத்தில் ஒரே ஒரு முறை சோதியுங்கள். இருக்கிறது என்று தெரிந்த பிறகு வரும் பிழை ஃபெயில்தான்.

3. உங்கள் டெஸ்ட்டுக்குத் தேவையான கர்னல் ஆப்ஷன்களை, அதே டைரக்டரியில் கான்ஃபிக் என்ற பெயரில் ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். உங்கள் டிஸ்ட்ரோவின் கர்னலில் பெரும்பாலும் எல்லாமே எனேபிள் ஆகியிருக்கும். ஆய்வகத்தில் கட்டும் கர்னலில் அப்படி இருக்காது.

4. பேஜ் அளவு 4096 என்று எங்கேயும் எழுதாதீர்கள். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

இரண்டு பேஜ் மெமரி வாங்கி, இரண்டாவதைத் தொட முடியாமல் பூட்டி, தொட்டால் சிக்னல் வருகிறதா என்று பார்க்கும் ஒரு டெஸ்ட் என்று வையுங்கள். எழுதியவர் எம்மேப்பில் 8192 பைட் கேட்கிறார். கிடைத்த முகவரியோடு 4096 கூட்டி எம்ப்ரொடெக்ட் அழைக்கிறார். எக்ஸ்86-இல் சரியாக ஓடும். 64 கேபி பேஜோடு கட்டிய ஆர்ம்64 கர்னலில் அந்த முகவரி பேஜ் எல்லையில் விழாது. கர்னல் ஈஇன்வால் என்று திருப்பி அனுப்பும். அது சரியான பதில். ஆனால் எம்ப்ரொடெக்ட் என்ன திருப்பியது என்று அவர் பார்க்கவில்லை என்றால்? பூட்டவே இல்லாத மெமரியைத் தொடுகிறார், சிக்னல் வரவில்லை, "மெமரி பாதுகாப்பு வேலை செய்யவில்லை" என்று டெஸ்ட் அறிவிக்கிறது. யாரோ ஒருவர் கர்னலின் மெமரி பகுதியில் இல்லாத பக்கைத் தேடி நாளைக் கழிப்பார்.

தொடக்கத்திலேயே சிஸ்கான்ஃப் வழியாக அளவைக் கேட்டு ஒரு மாறியில் வையுங்கள். எல்லாக் கணக்கும் அதிலிருந்து வரட்டும். ஹியூஜ் பேஜுக்கும் இதே கதை. எக்ஸ்86-இல் வழக்கமான ஹியூஜ் பேஜ் 2 எம்பி. 64 கேபி பேஜுள்ள ஆர்ம்64-இல் 512 எம்பி. "சும்மா நாலு ஹியூஜ் பேஜ்" என்று நீங்கள் கேட்பது அங்கே 2 ஜிபி. சின்ன போர்டில் அது கிடைக்காது. ப்ராக் மெம்இன்ஃபோவில் அளவைப் படித்து, மெமரி போதாவிட்டால் ஸ்கிப் செய்யுங்கள்.

5. சிஸ்டம் கால் எண்களை நேராக எழுதாதீர்கள். ஆர்ம்64-இல் ஓபன், ஃபோர்க் என்ற சிஸ்டம் கால்களே கிடையாது, ஓபன்அட், குளோன்தான். 2019-இல் வந்த 5.1 முதல் புதிய கால்களின் எண்கள் கிட்டத்தட்ட எல்லாக் கட்டமைப்பிலும் ஒன்றே, ஆல்ஃபா போன்ற சிலவற்றைத் தவிர. பழையவை அப்படியில்லை. 32-பிட்டில் லாங் 4 பைட் என்பதையும், ஐபிஎம் மெயின்ஃப்ரேமான எஸ்390-இல் பைட் வரிசை தலைகீழ் என்பதையும் மறக்க வேண்டாம்.

6. ஸ்லீப்பை நம்பி எதையும் கட்டாதீர்கள். சில நேரம் பாஸ், சில நேரம் ஃபெயில் என்று ஆடும் டெஸ்ட் கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான். சைல்டை உருவாக்கிவிட்டு, பேரன்ட் ஒரு விநாடி தூங்கி, "இதற்குள் அது ரீடில் போய் நின்றிருக்கும்" என்று எண்ணிச் சிக்னல் அனுப்பும். எமுலேஷனில், அதுவும் பத்து வேலைகள் ஒன்றாக ஓடும் மெஷினில், ஒரு விநாடியில் சைல்ட் தொடங்கியே இருக்காது. ஸ்லீப்பை ஐந்து விநாடி ஆக்குவது தீர்வல்ல. டெஸ்ட் மெதுவாகும், ஆட்டம் நிற்காது.

பைப் ஒன்றைத் திறங்கள். சைல்ட் தயாரானதும் ஒரு பைட் எழுதட்டும்; பேரன்ட் அதைப் படித்த பிறகு நகரட்டும். அப்போதும் ஒரு சின்ன இடைவெளி மிஞ்சும்: பைட் எழுதியதற்கும் ரீடில் போய் நிற்பதற்கும் நடுவே. அதனால் ப்ராக்கில் அந்தப் ப்ராசஸின் ஸ்டாட் கோப்பைப் படித்து, நிலை எழுத்து எஸ் ஆகும் வரை சுற்றிச் சுற்றிப் பாருங்கள். அந்தச் சுற்றலுக்குத் தாராளமான உச்ச வரம்பு ஒன்று வையுங்கள். வேகமான மெஷினில் மில்லி விநாடியில் முடியும், மெதுவான மெஷினில் தேவையான நேரம் எடுத்துக்கொள்ளும், இரண்டிலும் பதில் ஒன்றே.

7. கேசெல்ஃப்டெஸ்ட் ரன்னர் ஒரு டெஸ்ட்டுக்கு 45 விநாடி கொடுக்கும். உண்மையிலேயே அதிகம் வேண்டுமென்றால் செட்டிங்ஸ் கோப்பில் டைம்அவுட் எழுதலாம். ஆனால் லட்சம் தடவை சுற்றும் லூப்பை இயல்புநிலையில் ஓட வைக்காதீர்கள். அதை ஒரு ஆப்ஷனாக ஒதுக்குங்கள்.

8. வந்த சுவடு தெரியாமல் வெளியேறுங்கள். சிஸ்கன்ட்ரோல் மதிப்பை மாற்றினால், முதலில் பழையதைப் படித்து வைத்து, முடிவில் திருப்பி எழுதுங்கள். நடுவில் டெஸ்ட் கொல்லப்பட்டால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள். ஷெல்லில் எக்ஸிட் ட்ராப் போட்டால் போதும் என்று நினைப்பார்கள். பேஷில் டெர்ம் சிக்னல் வந்தாலும் அது ஓடும், டேஷில் ஓடாது. முடிந்த இடத்திலெல்லாம் தனி நேம்ஸ்பேஸுக்குள் வேலை செய்யுங்கள். கடைசிப் ப்ராசஸ் போனதும் கர்னலே அதைத் துடைத்துவிடும். பெயர் வைத்து உருவாக்கிய நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் மட்டும் தானாகப் போகாது, அதை நீங்கள்தான் நீக்க வேண்டும்.

9. ஸ்கிரிப்டின் முதல் வரியில் எஸ்ஹெச் என்று போட்டுவிட்டு உள்ளே பேஷ் இலக்கணம் எழுதாதீர்கள். டெபியனில் அது டேஷ், சின்ன இமேஜ்களில் பிஸிபாக்ஸ்.

10. வெளியீடு, கர்னல் டெஸ்ட்களுக்கான கேடேப் வடிவத்தில் இருக்கட்டும். எத்தனை டெஸ்ட் என்ற திட்ட வரியை முதலிலேயே அச்சிட்டால், நடுவில் செத்துப்போன டெஸ்ட் அம்பலமாகும். டெஸ்ட்டின் பெயரில் ப்ராசஸ் எண்ணையோ முகவரியையோ சேர்க்க வேண்டாம். நேற்றைய முடிவோடு இன்றையதை ஒப்பிடும் கருவிகள் பெயரை வைத்துத்தான் ஒப்பிடுகின்றன. ஃபெயில் வரியில் எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன, எர்நோ என்ன என்று மூன்றும் வேண்டும்.

11. கட்டுவதற்கு முன் மேக் ஹெடர்ஸ் ஓட்டுங்கள். டிஸ்ட்ரோவின் பழைய ஹெடர்களில் உங்கள் புதிய ஃபிளாக் இருக்காது. ஜிலிப்சியில் உள்ள எர்ரர் டாட் ஹெச் மசில்சியில் இல்லை. கிளாங்கிலும், கிராஸ் கம்பைலரிலும் ஒருமுறை கட்டிப் பாருங்கள். பிறகு இன்ஸ்டால் செய்து வேறு மெஷினுக்கு எடுத்துப் போய் ஓட்டுங்கள். மூலநிரல் டைரக்டரி பக்கத்தில் இருக்கிறது என்று டெஸ்ட் ரகசியமாக நம்பியிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

12. மெயின்லைன் டெஸ்ட்களைப் பழைய ஸ்டேபிள் கர்னல்களிலும் ஓட்டுகிறார்கள். பழைய பக்குக்கு இன்று எழுதும் டெஸ்ட் அங்கேயும் அந்தப் பக்கைப் பிடிக்க வேண்டும். வசதியே இல்லாத கர்னலில் நாகரிகமாக ஸ்கிப் ஆக வேண்டும். ஆகவே பழைய கர்னலை ஆதரிக்கும் வரிகளைச் சுத்தம் செய்கிறேன் என்று நீக்காதீர்கள்.

13. அனுப்புவதற்கு முன், ஃபிக்ஸ் பேட்சை எடுத்துவிட்டுக் கர்னலைக் கட்டி, டெஸ்ட் ஃபெயில் ஆகிறதா என்று பாருங்கள். ஆகவில்லை என்றால் அது எதையும் சோதிக்கவில்லை. பிறகு ஃபிக்ஸோடு, சிபியுவுக்குச் சுமை கொடுத்தபடி, இரவு முழுக்க லூப்பில் ஓட விடுங்கள். எந்தக் கட்டமைப்பில், எந்தப் பேஜ் அளவில், எந்தக் கம்பைலரில் ஓட்டினீர்கள் என்று பேட்ச் விளக்கத்தில் எழுதுங்கள். ஓட்டிப் பார்க்க முடியாத கட்டமைப்பையும் பெயர் சொல்லி எழுதுங்கள். அந்த மெஷின் வைத்திருப்பவர் யாராவது எடுத்து ஓட்டிப் பார்த்துச் சொல்வார்.