துளைபட்ட செல் பிழைப்பது எப்படி?

மழைக்காலம் வந்துவிட்டால் ஒவ்வொரு வகுப்பிலும் நாலைந்து பேருக்காவது தொண்டை கட்டிக்கொள்கிறது. பெரும்பாலும் அது வைரஸால் வருவது, தானே போய்விடும். சில சமயம் மட்டும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா தொண்டையில் குடியேறிவிடுகிறது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மணிமாலை கோத்தது போலிருக்கும். அழகெல்லாம் பார்வைக்குத்தான்.

இது ஸ்ட்ரெப்டோலைசின் ஓ என்னும் நச்சுப் புரதத்தைச் சுரக்கிறது. நம் செல்லைச் சுற்றியுள்ள சவ்வு எவ்வளவு மெல்லியது தெரியுமா, மாணவியரே? ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஏழெட்டுக் கூறுதான். அச்சவ்விலுள்ள கொலஸ்ட்ராலை நச்சு மூலக்கூறுகள் பற்றிக்கொள்கின்றன. பிறகு 35 முதல் 50 வரை ஒன்றுசேர்ந்து வளையமாகிச் சவ்வைத் துளைக்கின்றன. பாக்டீரியாவின் சொந்தச் சவ்வில் கொலஸ்ட்ரால் இல்லை. ஆகவே தன் நஞ்சு தன்னைத் தீண்டுவதில்லை!

செல்லுக்கு வெளியே உள்ள திரவத்தில் கால்சியம் அயனிகள் உள்ளே இருப்பதைப் போல ஏறத்தாழ 10,000 மடங்கு அதிகம். துளை விழுந்ததும் அவை மடை திறந்தாற்போல் உள்ளே பாய்கின்றன. அளவு மீறினால் மைட்டோகாண்ட்ரியா நிலைகுலைந்து செல் மடியும். ஆனால் ஆபத்தைக் கொண்டுவரும் அதே கால்சியம்தான் அபாய மணியையும் அடிக்கிறது. ஆய்வுக்கூடத்தில் கால்சியம் இல்லாத திரவத்தில் செல்களை வைத்து இந்த நஞ்சைக் கொடுத்தால் அவற்றால் துளையை அடைக்க முடிவதில்லை. கால்சியம் இருந்தாலோ, சில நிமிடங்களுக்குள் பல செல்கள் தேறிவிடுகின்றன.

துணி கிழிந்தால் ஒட்டுப் போடலாம். நச்சு இட்ட துளையோ வெறும் கிழிசல் அன்று. சுவரில் பதித்த இரும்புக் குழாய் போலப் புரத வளையம் துளையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மேலே எவ்வளவு பூசினாலும் பயனில்லை. குழாயைச் சுற்றியுள்ள சுவரோடு பெயர்த்தெடுக்க வேண்டும். செல் அதைத்தான் செய்கிறது.

லைசோசோம்கள் நினைவிருக்கின்றனவா? 'தற்கொலைப் பைகள்' என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். கிறிஸ்டியன் டி டூவ் 1955இல் அறிவித்த இந்த நுண்பைகளுக்கு அந்தப் பட்டம் பெரிய அநியாயம் என்பேன். பிரேசிலில் பயின்ற நார்மா ஆண்ட்ரூஸ் அம்மையார், சாகஸ் நோயின் ஒட்டுண்ணி செல்லுக்குள் எப்படி நுழைகிறது என்று ஆராய்ந்தவர். அந்த வழியே சென்ற அவர் குழுவினர், கால்சியம் பாய்ந்ததும் லைசோசோம்கள் ஓரத்துக்கு விரைந்து, சவ்வோடு இணைந்து காயத்தை ஆற்ற உதவுகின்றன என்று 2001இல் காட்டினர். அப்போது லைசோசோம் வெளியே கொட்டும் நொதி ஒன்று சவ்வின் கொழுப்பை மாற்றுகிறது. சவ்வு உட்குழிந்து, துளையோடு சேர்ந்து சிறு பையாகக் கிள்ளப்பட்டு உள்ளே போய்ச் செரிக்கப்படுகிறது. இது 2008, 2010ஆம் ஆண்டு ஆய்வுகளில் விளங்கியது. துளையுள்ள பகுதியை மொட்டுப்போல வெளியே உதிர்த்துவிடும் வழியும் செல்லுக்கு உண்டு.

துளை சிறியதானால் எளிது என்று நினைப்போம். நேர்மாறு! சீழ்க்கட்டிகளில் காணும் ஸ்டபைலோகாக்கஸின் ஆல்ஃபா நச்சு, ஏழே மூலக்கூறுகள் சேர்ந்து இடும் மிகக் குறுகிய துளை. அதன் வழியே பொட்டாசியம் கசிகிறது. அபாய மணி அவ்வளவு உரக்க ஒலிப்பதில்லை. செல் தேறப் பல மணி நேரம் ஆகும்.

நம் இரத்தச் சிவப்பணுக்களின் நிலை பரிதாபம். முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, லைசோசோமும் இல்லை. துளைபட்டால் உடைய வேண்டியதுதான். இரத்தம் கலந்த ஏகார் தட்டில் இந்தப் பாக்டீரியாவை வளர்த்தால், அது வளரும் இடத்தைச் சுற்றிச் சிவப்பு நிறம் போய் வட்டமாகத் தெளிந்துவிடும். ஆய்வுக்கூடத்தார் அந்த வட்டத்தைக் கொண்டே அதை அடையாளம் காண்கின்றனர்.

பெற்றோர்களுக்கு ஒரு செய்தி. இந்தத் தொண்டைப் புண்ணை மருந்தின்றி விட்டால், சில வாரங்கள் கழித்துச் சில பிள்ளைகளுக்கு மூட்டுக்காய்ச்சல் வந்து இதய வால்வு கெடுகிறது. 5 முதல் 15 வயதுக்குள்தான் இது அதிகம். அதற்குக் காரணம் இந்தத் துளை அன்று. பாக்டீரியாவை எதிர்க்கக் கிளம்பிய நம் எதிர்ப்புச் சக்தியே ஆள் மாறி இதயத்தைத் தாக்குவதுதான். மூட்டு வீங்கிய பெண்ணுக்கு மருத்துவர் 'ஏ.எஸ்.ஓ.' என்று இரத்தப் பரிசோதனை எழுதித் தருகிறாரே, அது நாம் இதுவரை பார்த்த ஸ்ட்ரெப்டோலைசினுக்கு எதிராக உடல் உண்டாக்கிய பொருளைத்தான் அளக்கிறது. கடைசியில் வரும் 'ஓ' ஆக்சிஜனைக் குறிப்பது. ஆக்சிஜன் பட்டால் இந்த நஞ்சு வலுவிழந்துவிடும்.