விறகு எங்கிருந்து வந்தது?

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலைப் பற்றித் தம்பி எழுதிய கட்டுரையை அக்கா மூன்று முறை படித்தாள். முதல் முறை தலைப்பைப் பார்த்ததுமே எரிச்சல் வந்துவிட்டது. ‘மனிதநேயம் இன்னும் சாகவில்லை.’ சுனாமிக்கும் இதே தலைப்பு, சென்னை வெள்ளத்துக்கும் இதே தலைப்பு, கொரோனாவுக்கும் இதேதான். ஒவ்வொரு பேரிடரிலும் மனிதநேயத்தைப் படுக்கவைத்து, மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பது என்ன பழக்கம்? இரண்டு நாள் ரயில் பயணிகளுக்குச் சோறாக்கியவர்களுக்கு அது மரியாதை இல்லை.

நடந்தது சின்னக் காரியமா? 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை இரவு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டித் தீர்த்த மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸில் சுமார் 800 பேர். தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போக, ஸ்ரீவைகுண்டம் நிலைய அதிகாரி ஜாபர் அலி வண்டியை மேலே போகவிடாமல் நிறுத்திவைத்தார். சுமார் 300 பேரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுசேர்க்க முடிந்தது. மற்றவர்கள் நிலையத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமைதான் வாஞ்சி மணியாச்சிக்குப் போய்ச் சிறப்பு ரயில் ஏறினார்கள். இடையில் அவர்கள் வயிற்றைப் பார்த்துக்கொண்டது பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள். பத்திரகாளியம்மன் கோயிலில் சமைத்துப் போட்டார்கள். அவர்களுடைய வீடுகளும் அதே மழையில்தான் நனைந்துகொண்டிருந்தன.

இதையெல்லாம் தம்பி தேதி பிசகாமல் எழுதியிருக்கிறார். ஆனால் விறகு எங்கிருந்து வந்தது?

விடாமல் பெய்த அந்த மழையில் காய்ந்த விறகு யார் வீட்டில் இருந்தது? கேஸ் அடுப்பு என்றால் யாருடைய சிலிண்டர்? அண்டா கோயிலுடையதா, பந்தல்காரர் கொடுத்ததா? அரிசியை அளந்து போட்டது யார்? மழை நிற்காவிட்டால் நாளைக்குத் தன் பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று அந்தக் கை ஒரு நிமிஷம் தயங்கியிருக்காதா? ‘மனிதநேயம்’ என்ற சொல் கட்டுரையில் பதினொரு இடத்தில் வருகிறது. அக்கா பென்சிலால் கோடு போட்டு எண்ணினாள். ‘அடுப்பு’ ஓரிடத்தில்கூட இல்லை. அந்தப் பதினொன்றையும் எடுத்துவிட்டு ஒரு அடுப்பை வைத்தால் போதும், படிக்கிறவருக்கே கண் எரியும்.

அடுப்பு என்றதும் ஞாபகம் வருகிறது: கோவை வடிவேலம்பாளையத்துக் கமலாத்தாள் பாட்டியைத் தம்பிக்கு நன்றாகத் தெரியும். 30 வருஷத்துக்கு மேலாக இட்லி சுட்டுவந்தவர். ஐம்பது காசில் ஆரம்பித்து ஒரு ரூபாயில் நிறுத்திக்கொண்டவர். 2019-இல் அவருடைய வீடியோ நாடெங்கும் சுற்றியபோது எல்லோரும் அவர் வயதையும் விறகடுப்பையும் பார்த்து அதிசயித்தார்கள். அக்கா அதிசயித்தது அடுத்த வருஷம். ஊரடங்கு வந்தது. உளுந்து விலை ஏறியது, மிளகாய் விலை ஏறியது. ஊருக்குப் போக வழியில்லாத வெளிமாநிலத் தொழிலாளர்கள் வாசலில் வந்து நின்றார்கள். பாட்டி புதிதாக எதுவும் செய்யவில்லை. முந்தின நாள் என்ன விலையோ, அன்றைக்கும் அதே விலை. பயம் பரவினால் முதலில் ஏறுவது விலைதான். 2015 டிசம்பரில் சென்னையில் பால் பாக்கெட் என்ன விலைக்குப் போனது என்று அங்கே இருந்தவர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் ஏறாமல் நின்ற ஒரு ரூபாய் அது. எத்தனையோ பேருக்கு அந்த மாதங்களில் மாறாமல் இருந்த ஒரே விஷயம் அதுவாக இருந்திருக்கும்.

தம்பி கட்டுரையில் இன்னொன்றும் அக்காவைக் குத்தியது. ‘பயணிகள் கைகூப்பி, கண்ணீர் மல்க நன்றி தெரிவித்தனர்.’ அத்தனை பேரும் ஒரே மாதிரி கைகூப்பினார்களா? சோறு வாங்கக் கூச்சப்பட்டு நின்றவர் ஒருவர்கூடவா இல்லை? உப்பு குறைவு என்று சொன்னவர் இல்லையா? கொடுக்கிறவருக்குப் பெயரும் ஊரும் எழுதுகிறோம். வாங்குகிறவரைக் கூட்டமாக நிறுத்தி அழவைத்துவிடுகிறோம்.

2005 ஜனவரி, நாகப்பட்டினம். அக்கா அப்போது ஒரு வார இதழில் இருந்தாள். சுனாமி வந்துபோய்ச் சில நாள்தான் ஆகியிருந்தது. வெளியூர்களிலிருந்து லாரி லாரியாகப் பழைய துணிகள் வந்து இறங்கின. மீனவர்கள் அதைத் தொடவில்லை. சாலையோரம் குவிந்து, பனியில் நனைந்து நாற்றமெடுத்துக் கிடந்தன. கம்பளிச் சட்டை, கோட்டு, பித்தான் போன பேன்ட், கிழிந்த சுடிதார். ஒரு பெண் அந்தக் குவியலை வெகுநேரம் கிளறிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு சுடிதாரை எடுத்து, அதிலிருந்த நாடாவை மட்டும் உருவிக்கொண்டு, துணியை மடித்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு வேண்டியிருந்தது உள்பாவாடைக்கு ஒரு நாடா. துணி அனுப்பிய எந்த ஊர்க்காரருக்கும் அது தோன்றவில்லை.

அங்கே ஒரு நிவாரண முகாமில் உள்ளூர்த் தையல்காரர் ஒருவர் தன் மிஷினைக் கொண்டுவந்து தாழ்வாரத்தில் போட்டிருந்தார். யாரோ வாங்கிக் கொடுத்த புதுத் துணியில் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. ஆனால் கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு, கடையில் கேட்பது போலவே ஒவ்வொருத்தியிடமும் கேட்டார்:

“கை எவ்வளவு நீளம் வைக்கட்டும்மா?”

‘வரிசையில நில்லு’, ‘இங்க கைநாட்டு வை’, ‘போட்டோவுக்கு இப்படிப் பாரு’ என்பதைத் தவிர வேறு பேச்சே கேட்காத பெண்கள் அவர்கள். ஒருத்தி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “முட்டி வரைக்கும் வேணாண்ணே, அது கிழவிங்க போடுறது” என்றாள். பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தையல்காரர் சிரிக்கவில்லை. நாலு விரற்கடை குறைத்து, சுண்ணாம்புக்கட்டியால் துணியில் கோடு போட்டுக்கொண்டார்.

அந்த வாரம் அக்கா இதழுக்கு எழுதி அனுப்பியதில் தையல்காரர் இல்லை. நாடாவும் இல்லை. ‘கண்ணீர் மல்க’ மட்டும் இருந்தது. லட்சக்கணக்கில் அச்சாகி வெளியே போனது. இத்தனை வருஷம் கழித்தும் அந்த இதழைத் திறந்து பார்க்க மனசு வருவதில்லை. தம்பி கட்டுரையில் அதே இரண்டு சொற்களைப் பார்த்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்ததற்கு இதுதான் காரணம்.

கட்டுரையை மூன்றாம் முறை படித்தபோதுதான் பத்தொன்பதாவது பத்தி கண்ணில் பட்டது. சென்னையில் மகள் வீட்டுக்குப் போகிற ஒரு பாட்டி, சோற்றை வாங்கிக்கொண்டு, இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து திருச்செந்தூர்க் கோயில் பன்னீர் இலை விபூதி ஒன்றை எடுத்து, கரண்டி பிடித்திருந்த பெண்ணிடம் நீட்டுகிறார். “எல்லாம் நனைஞ்சு போச்சு தாயி, முருகன் துன்னூறு மட்டும் நனையாம வச்சிருக்கேன்” என்கிறார். அந்தப் பெண் சோற்றுக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறாள்.

தம்பி! இப்படி ஒரு இடத்தை அக்கா தன் வாழ்நாளில் எழுதியதில்லை. அந்தச் சோற்றுக்கையைத் துடைத்ததைப் பார்த்து எழுதிய கண்ணுக்கு எத்தனை பரிசு கொடுத்தாலும் தகும். படித்துவிட்டுக் கட்டுரையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள் அக்கா. இதை ஹெலிகாப்டர் செய்திக்கும் அமைச்சர் பேட்டிக்கும் நடுவில் போட்டு மூடிவைத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

கட்டுரை புத்தகமாக வரும்போது அந்தப் பாட்டி முதல் பத்தியில் இருக்க வேண்டும். அதற்கு முன் தம்பி இன்னொரு முறை புதுக்குடிக்குப் போய்வர வேண்டும். திருநெல்வேலியில் திருச்செந்தூர் பாசஞ்சர் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஸ்ரீவைகுண்டம். நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். இலை விபூதியை வாங்கிய பெண்ணைக் கண்டுபிடித்து, அதை அவள் எங்கே வைத்திருக்கிறாள் என்று கேட்க வேண்டும். அப்படியே விறகைப் பற்றியும்.

அன்புடன்,
அக்கா